20 வயசு பையன் கையில கிலுகிலுப்பை வேணாம்: கண்ணும் காதும் சரியா இல்லாத பெரிய பசங்களுக்கு கத்துக்கொடுக்கறது எப்படி

மொதல்லயே ஒண்ணு கேட்டுக்கறேன், 20 வயசு பையன் கையில கிலுகிலுப்பை கொடுக்காதீங்க. நான் வடசென்னைல ஸ்பெஷல் எஜுகேட்டர், தண்டையார்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர்னு வீடு வீடாவும் போறேன், சென்டர்லயும் சொல்லிக்கொடுக்கறேன். எந்த வீட்டுக்கு போனாலும் கட்டிலுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும், உள்ள வளையம் அடுக்கற பொம்மை, கிலுகிலுப்பை, அழுத்தினா பாட்டு பாடற வாத்து. அம்மாங்க மேல தப்பே இல்ல, அவனுக்கு ஆறு வயசு இருக்கும்போது யாரோ எழுதிக்கொடுத்தது அது. இப்ப அவனுக்கு மீசை வந்துடுச்சு, லுங்கி கட்டுறான், கூடை மட்டும் அப்படியே இருக்கு. 18 தாண்டினதும் ஸ்கூல் முடிஞ்சிடுது, தெரபியும் நின்னுடுது, அதுக்கப்புறம் அந்த பிள்ளை நாள் முழுக்க சுவத்து ஓரமா குந்திக்கிட்டு இருக்கு. அந்த வயசுக்கு என்ன சொல்லிக்கொடுக்கணும், எப்படி சொல்லிக்கொடுக்கணும்னு எனக்கு தெரிஞ்சத எழுதறேன், அம்மா அப்பாவுக்கும் புதுசா இந்த வேலைக்கு வர்ற பசங்களுக்கும்.

நான் சொல்றது கண்ணு, காது ரெண்டுலயும் பாதிப்பு இருக்கறவங்க, அதோட அறிவு வளர்ச்சி குறைவு, ஃபிட்ஸ், கை கால் இழுப்பு இப்படி ஏதாவது ஒண்ணு ரெண்டு சேந்து இருக்கறவங்க பத்தி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துல 21 வகை இருக்கு, அதுல காது கேளாமை பார்வையின்மை ரெண்டும் சேந்தது பல்வகை குறைபாட்டுக்குள்ள வருது. ஆனா ஒரு விஷயம், ரெண்டும் பாதிப்புன்னா ஒண்ணுமே தெரியாது ஒண்ணுமே கேக்காதுன்னு அர்த்தம் கிடையாது. நான் பாத்த பசங்கள்ல முழு இருட்டு, முழு நிசப்தம் ரெண்டும் சேந்து இருந்தவங்க ரொம்ப கம்மி, முக்காவாசி பேருக்கு ஏதோ ஒரு மூலைல கொஞ்சம் பார்வை, ஏதோ ஒரு சத்தத்துக்கு கொஞ்சம் காது இருக்கும்.

இதுல எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணு இருக்கு, அத புரிஞ்சுக்கிட்டா மிச்சத்த நீங்களே கண்டுபிடிச்சுக்கலாம். கண்ணும் காதும் தூரத்துல நடக்கறத நமக்கு முன்கூட்டியே சொல்லுது. குக்கர் விசில் அடிச்சா சோறு வரப்போகுது, செருப்பு சத்தம் கேட்டா அப்பா வந்துட்டார், அம்மா டவல எடுத்தா குளிக்கப்போறோம். அவனுக்கு அது எதுவும் வர்றதில்ல. எங்கிருந்தோ ஒரு ஸ்பூன் வந்து உதட்டுல இடிக்குது, யாரோ கையப் பிடிச்சு இழுக்கறாங்க, தலைல தண்ணி கொட்டுது. அவனுக்கு எல்லாமே திடீர்னுதான் நடக்குது. இருபது வருஷம் இப்படி வாழ்ந்தா நீங்களும் நானும் அடிப்போம், கடிப்போம், இல்லன்னா எதுலயும் ஆசை விட்டுப்போய் சுருண்டு படுத்துக்குவோம். நம்ம வேலை மொத்தமும் அந்த திடீரைக் குறைக்கறதுதான்.

அதனால முதல் ரெண்டு வாரம் ஒண்ணும் சொல்லிக்கொடுக்காதீங்க, பக்கத்துல உக்காந்து பாருங்க. எந்த நேரத்துல முழிப்பா இருக்கான், ஃபிட்ஸ் மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் தூங்கி வழியறான், ஜன்னல் பக்கம் முகத்த திருப்பறானா, டியூப் லைட்டயே பாத்துக்கிட்டு இருக்கானா, எந்தப் பக்கத்துல இருந்து சாமான் நீட்டினா கை வருதுன்னு எழுதி வைங்க. சில பசங்களுக்கு கண்ணு நல்லாத்தான் இருக்கும், கண்ணு அனுப்பறத மூளை சரியா படிக்காது. அந்த மாதிரி பசங்க அசையற பொருள பாப்பாங்க, நிக்கற பொருள விட்டுடுவாங்க, சிவப்பு மஞ்சள் மாதிரி அழுத்தமான கலர் தெரியும், பத்து சாமான் பரப்பி வச்சா ஒண்ணும் தெரியாது. பாக்கறதுக்கே நேரம் எடுக்கும், அரை நிமிஷம் கூட ஆகும், நாம அதுக்குள்ள "பாக்கல"னு எழுதிட்டு அடுத்ததுக்கு போயிடறோம்.

ஒரு வீட்டுல அம்மா என்கிட்ட, "இன்னா மிஸ்ஸு, மதியம் சோறு அள்ளி துன்றான், காலைல இட்லி மட்டும் நான்தான் ஊட்டணும், சோம்பேறித்தனம்"னு சொன்னாங்க. நான் காலைல ஏழரைக்கு போய் பாத்தேன். எவர்சில்வர் தட்டு, மேல டியூப் லைட் வெளிச்சம் பளபளன்னு அடிக்குது, அதுல வெள்ளை இட்லி, வெள்ளை தேங்கா சட்னி. மதியம் சாம்பார் சோறு, அது தட்டுல தெரியும். அடுத்த நாள் வாழை இலை நறுக்குல அதே இட்லிய வச்சு, கார சட்னி ஊத்தி, லைட்ட அவன் முதுகுப்பக்கம் வர்ற மாதிரி உக்கார வச்சோம். தல குனிஞ்சான், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான், அப்புறம் விரல் நேரா இட்லிகிட்ட போச்சு. அந்த அம்மா அடுப்பாங்கரை வாசல்ல நின்னு முந்தானைய வாய்ல வச்சுக்கிட்டாங்க. இப்ப அவங்க வீட்டுல கரும்பச்சை பிளாஸ்டிக் தட்டு இருக்கு.

காது மெஷின் பத்தி சுருக்கமா. நம்ம ஊர் வேர்வைக்கும் கடக்காத்துக்கும் மெஷின் சீக்கிரம் கெட்டுப்போகும், ராத்திரி கழட்டி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல மூடி வைங்க. சின்ன வயசுல காது அளவுக்கு எடுத்த மோல்டு பெரியவனானதும் பொருந்தாது, விசில் சத்தம் வரும், அதனாலதான் பாதி பேர் பிடுங்கிப் போடறாங்க. ஃபேன் சத்தம், டிவி சத்தம் நடுவுல மெஷின் போட்டா அவனுக்கு எல்லாமே இரைச்சல்தான், பாடம் நடக்கற நேரம் டிவிய அணைங்க.

டாக்டர்கிட்ட போகவேண்டிய விஷயமும் இருக்கு. தமிழ்நாட்டுல தட்டம்மை ருபெல்லா ஊசி 2017 பிப்ரவரிலதான் எல்லா பசங்களுக்கும் பெரிய அளவுல போட்டாங்க. இப்ப 20 வயசுல இருக்கற நம்ம பசங்க அதுக்கு ரொம்ப முன்னாடி பொறந்தவங்க, அம்மா மாசமா இருக்கும்போது ருபெல்லா வந்து அதனால பிறவிலயே கண்புரை, காது, இதயம்னு பாதிச்சவங்க இதுல இருக்காங்க. இவங்களுக்கு வயசு ஏற ஏற கண்ணுல அழுத்தம் கூடலாம், சுகர், தைராய்டு வரலாம், வருஷா வருஷம் பாத்துடுங்க. இன்னொரு கூட்டம் இருக்கு, பிறவில காது கேக்காது, கண்ணு நல்லா இருந்துச்சு, 12, 15 வயசுல ராத்திரில தடுக்கி விழ ஆரம்பிப்பான், பக்கத்துல வர்ற ஆள் மேல இடிப்பான், நேரா மட்டும் தெரியும். அது அஷர் சிண்ட்ரோமா இருக்கலாம், சொந்தத்துல கல்யாணம் பண்ண குடும்பத்துல இது வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. காது கேக்காத பையன் இருட்டுல விழுந்தா "கவனம் பத்தல"னு திட்டாம கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. பார்வை இருக்கும்போதே தொட்டுப் புரிஞ்சுக்கற சைகையையும் ஸ்டிக்கையும் பழக்கிட்டா பின்னாடி அவனுக்கு பாதி பயம் கம்மி.

சரி, கிட்ட போறது எப்படி. பின்னாடி இருந்து போகாதீங்க. முன்னாடி போய் உக்காந்து, அவனோட புறங்கைய உங்க விரலால மெதுவா தொட்டு அப்படியே வைங்க, அது "நான் வந்திருக்கேன்". அடுத்தது நீங்க யாருன்னு சொல்லணும். எங்க சென்டர்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாளம் இருக்கு, என் கையில முறுக்கு செப்பு வளையல், பிசியோ சார்கிட்ட தடிச்ச வாட்ச் ஸ்ட்ராப், ஆயாம்மாவுக்கு தாலிக்கயித்துல மாட்டியிருக்கற ஊக்கு. அவன் கைய கொண்டுவந்து அதத் தொட விடுங்க, பிடிச்சு இழுக்காம உங்க கைய அவன் கைக்கு அடியில கொடுத்து கூட்டிட்டு வாங்க. அந்த வளையல நான் ஒரு நாள் கல்யாண வீட்டுக்கு போற அவசரத்துல மாத்திப் போட்டுட்டு போனேன், அன்னிக்கு முழுக்க ரெண்டு பசங்க என்னை நம்பல, கைய உதறிட்டாங்க. அதுக்கப்புறம் பட்டுப்புடவை கட்டினாலும் அந்த செப்பு வளையல் கழட்டறதில்ல.

தொட்டு சொன்னதும் நிறுத்துங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, சில பசங்களுக்கு முப்பது. இந்த காத்திருக்கறதுதான் எங்க வேலைலயே கஷ்டமானது, கை பரபரக்கும், நாமளே செஞ்சு முடிச்சிடலாம்னு தோணும். எண்ணிக்கிட்டே இருங்க, ஒரு விரல் அசையும், மூச்சு மாறும், தல திரும்பும், அதுதான் அவனோட பதில்.

கைக்கு அடியில கைன்னு சொன்னேன்ல, அத கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இத தப்பா பண்றவங்கதான் ஜாஸ்தி. அவன் கைய மேல இருந்து நாம பிடிச்சு ஆட்டினா அது அவன் வேலை இல்ல, அவன் கை நமக்கு ஒரு கரண்டி மாதிரி ஆயிடுது. கண்ணு தெரியாதவனுக்கு கைதான் கண்ணு, அந்தக் கண்ண நாம இறுக்கிப் பிடிச்சா அவன் எதால பாப்பான்? அதனால உங்க கை கீழ, அவன் கை மேல, நீங்க வேலைய செய்யுங்க, அவன் உங்க கை மேல வச்சு பாக்கட்டும், பிடிக்கலன்னா எடுத்துக்கட்டும். எடுத்துக்கற உரிமை அவன்கிட்ட இருக்கறதால பயப்பட மாட்டான், திரும்ப வருவான்.

காசிமேட்டுல ஒரு குடும்பம், தாத்தா கடலுக்கு போறத நிறுத்திட்டு வலை மராமத்து பாக்கறவர். பேரனுக்கு கண்ணு வெளிச்சம் மட்டும் தெரியும், காது சுத்தமா இல்ல, 21 வயசு, பொம்மைக் கூடை கேஸ்தான் அவனும். நான் தாத்தாகிட்ட, "ஐயா, நீங்க வலை பின்னும்போது அவன் கை உங்க கை மேல இருக்கட்டும், நீங்க பாட்டுக்கு பின்னுங்க, ஆனா மெதுவா"னு கேட்டேன். அவருக்கு நம்பிக்கை இல்ல, "நாப்பது வருஷமா பின்ற என் கண்ணே தப்பு பண்ணுது, கண்ணு இல்லாதவன் எப்டி பின்னுவான்?"னு கேட்டார். ஆனா உக்காந்தார். வலை ஊசில நைலான் நூல் சுத்தியிருக்கும், அந்த ஊசிய கண்ணிக்கு அடியில இருந்து மேல கொண்டுவந்து, இடது கட்டைவிரலால நூல அமுக்கிப் பிடிச்சு, ஒரு வளையம் வீசி, பின்பக்கமா ஊசிய சுத்தி எடுத்து இழுத்தா முடிச்சு இறுகும். பையன் கை தாத்தாவோட கட்டைவிரல் மேலயே நின்னுச்சு, முடிச்சு இறுகும்போது அந்த விரல்ல ஒரு அழுத்தம் வருது பாருங்க, அத அவன் கண்டுபிடிச்சான். ஒவ்வொரு தடவை அது வரும்போதும் மூச்ச இழுத்துப் பிடிச்சு விட்டான்.

இங்க ஒரு முறை இருக்கு, கடைசி படில இருந்து ஆரம்பிக்கறது. தாத்தா எல்லாத்தையும் செய்வார், கடைசி இழுப்பு மட்டும் பையன் இழுப்பான், முடிச்சு இறுகும், வேலை முடிஞ்சுது, முடிச்ச சந்தோஷம் அவனுக்கு. அது நல்லா வந்ததும் அதுக்கு முந்தின படி, ஊசிய சுத்தி எடுத்து இழுக்கறது. அப்புறம் அதுக்கு முந்தினது. ஆரம்பத்துல இருந்து சொல்லிக்கொடுத்தா அவன் முதல் படில தடுமாறிக்கிட்டு நிப்பான், மிச்சத்த நாம முடிப்போம், அவனுக்கு தோத்த ஞாபகம்தான் மிஞ்சும். சட்டை போடறது, தலை சீவறது, இறால் உரிக்கறது, சாக்கு மடிக்கறது எல்லாத்துக்கும் இதே வழி. அந்தப் பையன் இழுப்பு மட்டுமே நாலு மாசம் இழுத்தான். இப்ப தாத்தா வளையம் வீசிக்கொடுத்தா மிச்சம் அவன் பாத்துக்கறான், கண்ணி அளவு தப்பினா விரல வச்சு பாத்து அவனே பிரிக்கறான், யாரும் சொல்லல. தாத்தா இப்ப அவன பக்கத்துல குந்த வைக்காம வலைய எடுக்கறதில்ல.

உக்காரறது பத்தி மறந்துடாதீங்க, குறிப்பா கை கால் இழுப்பு இருக்கற பசங்களுக்கு. பாதம் தரைலயோ பலகைலயோ பதியணும், இடுப்பு பின்னாடி முட்டு இருக்கணும், மேசை முழங்கை உயரத்துல. விழுந்துடுவோமோன்னு பயந்துக்கிட்டு இருக்கறவனால பாக்கவும் முடியாது, கையயும் நீட்ட முடியாது, அவன் தெம்பெல்லாம் உக்காரறதுக்கே போயிடும்.

அடுத்தது காலண்டர் பாக்ஸ், அதாவது அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு பொருள தொட்டே தெரிஞ்சுக்கற பெட்டி வரிசை. நெதர்லாந்துல யான் வான் டைக்னு ஒருத்தர், ருபெல்லாவால கண்ணும் காதும் பாதிச்ச பிள்ளைங்களோட வேலை பாத்து இந்த மாதிரி வழிமுறைகள உருவாக்கினவர், அதத்தான் உலகம் முழுக்க வச்சிருக்காங்க. வீட்டுல செய்யறதுக்கு செருப்பு அட்டைப்பெட்டி நாலஞ்சு போதும், வரிசையா ஒட்டி சுவத்து ஓரமா ஒரே இடத்துல வைங்க, இடத்த மாத்தவே கூடாது. இடது கோடில காலைல முதல்ல நடக்கறதுக்கான பொருள், அப்படியே வரிசையா. குளிக்கறதுக்கு டவல் துண்டு, சாப்பாட்டுக்கு அவனோட ஸ்பூன், வலை வேலைக்கு ஊசி, வெளிய போறதுக்கு ஒரு பொருள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி அவன் பெட்டிகிட்ட வந்து பொருள எடுக்கணும், அதோட அந்த இடத்துக்கு போகணும், வேலைய செய்யணும், முடிஞ்சதும் அந்தப் பொருள ஒரு மூடி போட்ட பழைய பெயிண்ட் டப்பாவுல போட்டு மூடணும். அந்த மூடி சாத்தறது முக்கியம், அது "முடிஞ்சுது"ங்கற வார்த்தை அவனுக்கு.

பொருள எடுக்கும்போது எல்லாரும் பண்ற ஒரு தப்பு, பஸ்ஸுக்கு பொம்மை பஸ்ஸ வைக்கறாங்க. கண்ணு தெரிஞ்ச நமக்குத்தான் அது பஸ் மாதிரி இருக்கு. அவனுக்கு பஸ்ஸுன்னா என்ன? கையில பிடிக்கற கம்பி. அதனால ஒரு ஜாண் நீளத்துக்கு இரும்பு பைப் துண்டு வைங்க, முனைய மட்டும் மழுங்க ராவிடுங்க. கோவிலுக்கு சாமி படம் வைக்காதீங்க, விபூதி டப்பாவ வைங்க, வடிவுடையம்மன் கோவில் உள்ள நுழைஞ்சதும் அவனுக்கு வர்ற வாசனை அதுதானே. அவன் கையும் மூக்கும் என்ன ஞாபகம் வச்சிருக்கோ அதத் தேடுங்க.

ஏதாவது ரத்தானா சும்மா பொருள எடுத்து ஒளிச்சிடாதீங்க. நவம்பர் டிசம்பர்ல மழை வந்து வியாசர்பாடி சப்வேல தண்ணி நின்னா எங்க வேன் வராது. அப்ப அந்த பைப்ப அவன் கையாலயே எடுத்து, தனியா ஒரு துணிப்பைல போட்டு, "இன்னிக்கு இல்ல" சைகைய அவன் கையில காட்டுங்க. கோவப்படுவான், படட்டும், ஆனா ஏமாந்ததா நினைக்க மாட்டான். ஒரு மாசத்துல பலன் வரலன்னு நிறுத்தாதீங்க, எங்க பசங்கள்ல ஒரு பொண்ணுக்கு முதல் பொருள் புரிய ஏழு மாசம் ஆச்சு, ரெண்டாவது பொருள் மூணு வாரத்துல வந்துடுச்சு.

வாசனைன்னதும் இத சொல்லிடறேன். எர்ணாவூர் பக்கம் ஒரு பொண்ணு, டீக்கடை, உப்புக்காத்து, கருவாடு இந்த மூணு வாசனைய வச்சே வீடு கிட்ட வந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து ஊருக்குள்ள வந்துச்சே, அப்ப வாரக்கணக்குல எல்லா பக்கமும் ஒரே எண்ணெய் நாத்தம். அந்தப் பொண்ணு சொந்தத் தெருவுலயே நடக்க மாட்டேன்னு உக்காந்துடுச்சு, தெருவே அழிஞ்சு போன மாதிரி அதுக்கு. மறுபடி கதவு நிலைல ஒரு தேங்கா நார் கயித்த கட்டி, அதத் தொட்டா வீடுன்னு பழக்கினோம். ஒரே அடையாளத்த நம்பி விடாதீங்க, ரெண்டு மூணு வைங்க.

வேணாம்னு சொல்ல கத்துக்கொடுங்க. இது பாடத்திட்டத்துல இருக்காது, ஆனா எனக்கு இதுதான் முதல் பாடம். ரெண்டு பொருள நீட்டுங்க, ஒண்ணு பிடிச்சது, ஒண்ணு பிடிக்காதது, எத தள்ளறான்னு பாருங்க. தள்ளினா உடனே எடுத்துடுங்க, "வேணாமா, சரி"ன்னு கையில சொல்லுங்க. தள்ளறது வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா கடிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு குறையும். திடீர்னு தலைய சுவத்துல இடிச்சுக்கறான், கைய கடிச்சுக்கறான்னா "பிடிவாதம்"னு முடிவு பண்றதுக்கு முன்னாடி காது, பல்லு, மலச்சிக்கல், பொண்ணுன்னா மாதவிடாய் வலி, கண்ண புதுசா குத்திக்கிட்டா கண் அழுத்தம், இது எல்லாத்தையும் பாருங்க. ஒரு பையன் மூணு வாரம் கன்னத்துல அறைஞ்சுக்கிட்டே இருந்தான், ஒரு இடத்துல கை ரெண்டையும் கட்டி வைக்கச் சொன்னாங்க, கடைசில பாத்தா கடவாப்பல்லு சொத்தையாகி சீழ் வச்சிருந்துச்சு. பல்ல எடுத்த மறுநாள் கை கீழ இறங்கிடுச்சு. அந்த மூணு வாரத்த நினைச்சா எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்குது.

உடம்பு விஷயத்த ஒளிச்சு வைக்காதீங்க. பொண்ணுங்களுக்கு பேட் மாத்தறத காலண்டர்ல ஒரு பொருளா வைங்க, நீங்க மாத்தறதா இருந்தாலும் முன்கூட்டி பேட கையில கொடுத்து தொட விட்டு, காத்திருந்து, அப்புறம் மாத்துங்க. வயசுப் பசங்க தன் உடம்ப தொட்டுக்கறது இயல்பு, அடிக்காதீங்க, ஆனா எங்கங்கறத கத்துக்கொடுக்கணும். பத்துக்கு பத்து ரூம்ல ஆறு பேர் இருக்கற வீட்டுல தனி இடத்துக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. நாங்க பண்ணது, கட்டில் மூலைல ஒரு திரைய கட்டி, திரை மூடியிருந்தா அது அவன் இடம்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி, யாரும் சொல்லாம திரைய விலக்கறதில்லன்னு வச்சோம். தன்னோட திரைய மத்தவங்க மதிக்கறாங்கன்னு புரிஞ்ச பிறகுதான் வெளிய இது கூடாதுன்னு அவனுக்கு புரிஞ்சுது. இன்னொண்ணும் இருக்கு. எந்நேரமும் யார் வேணா சொல்லாம தொடற உடம்புக்கு தப்பான தொடுகையும் ஒண்ணுதான். தினமும் கேட்டுத் தொட்டு வளந்த பிள்ளை, கேக்காம ஒரு கை வந்தா தள்ளும், சத்தம் போடும். குளிக்க வைக்கறது, உடுப்பு மாத்தறது ரெண்டு மூணு தெரிஞ்ச கைக்குள்ளயே இருக்கட்டும்.

வெளிய கூட்டிட்டு போங்க, நம்ம ஏரியால இடத்துக்கா பஞ்சம். 2021 பிப்ரவரில மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல இருந்து எங்களுக்கு அது ஒரு வகுப்பறை மாதிரி. தரைல மஞ்சள் டைல்ஸ்ல நீளக்கோடு இருந்தா நட, புள்ளி இருந்தா நில்லுன்னு அர்த்தம், செருப்ப கழட்டிட்டு உள்ளங்கால்ல முதல்ல தெரிய விடுங்க, மதிய வெயில்ல வேணாம், காலைல போங்க. லிஃப்ட்ல ஏறும்போது வயித்துல ஒரு தூக்கல் வரும், அதுவே சில பசங்களுக்கு ஊர் சுத்திப்பாக்கற சந்தோஷம். சாதாரண கட்டண டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் டிக்கெட் இல்ல, மாற்றுத்திறனாளி அடையாள கார்டு கையில இருக்கட்டும். எம்.சி. ரோட்டுல துணி வாங்க கூட்டிட்டு போனா அவன் சட்டைய அவனே தொட்டுப் பாத்து எடுக்கட்டும், கடைக்காரர்கிட்ட, "அண்ணே, இவருக்கு கண்ணு காது ரெண்டும் கஷ்டம், தொட்டுதான் பாப்பார், கொஞ்சம் பொறுத்துக்குங்க"ன்னு முன்னாடியே சொல்லிட்டா பெரும்பாலும் ஸ்டூல் போட்டு உக்கார வைக்கறாங்க. "இவர்"னு சொல்லுங்க, 22 வயசு ஆளு, பத்து பேர் முன்னாடி "இது"ன்னோ "பாப்பா"ன்னோ சொல்லாதீங்க.

பேப்பர் வேலை சீக்கிரம் சொல்லிடறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, யுடிஐடி கார்டுன்னு சொல்வாங்க, அது இல்லன்னா எதுவும் நகராது, முதல்ல அது. மாசம் 2,000 ரூபா பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. 18 முடிஞ்சதும் அம்மா அப்பாவோட கையெழுத்து தானா செல்லாது, 1999 தேசிய அறக்கட்டளை சட்டத்துல கலெக்டர் தலைமைல உள்ளூர் குழு இருக்கு, அங்க சட்டப்படி காப்பாளரா பதிவு பண்ணணும். ஆட்டிசம், செரிபிரல் பால்சி, அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை குறைபாடு இந்த நாலுக்கும் அது பொருந்தும். அதே அறக்கட்டளைல நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபா வரைக்கும் இருக்கு. பேங்க்ல அக்கவுண்ட் ஆரம்பிக்க போனப்ப எங்கள ஒரு கிளைல மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க, நாலாவது தடவை அந்த காப்பாளர் சான்றிதழோட போனதும் அரை மணி நேரத்துல முடிஞ்சுது, அதனால எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் ரெண்டு செட் வச்சுக்குங்க. முட்டுக்காட்டுல பல்வகை குறைபாட்டுக்குனே மத்திய அரசோட தேசிய நிறுவனம் 2005ல இருந்து இருக்கு, மதிப்பீடு, பயிற்சி எல்லாம் அங்க கிடைக்கும். திருவொற்றியூர்ல இருந்து 40 கிலோமீட்டருக்கு மேல, வீல்சேரோட ரெண்டு பஸ் மாறி போய் வர்றது ஒரு நாள் கூலி போற வேலை. அது மாதிரி ஒண்ணு வடக்குப் பக்கமும் வரணும்னு நாங்க கேட்டுக்கிட்டேதான் இருக்கோம், நீங்களும் கேளுங்க.

கடைசியா ஒரு பக்கத் தாள். டீச்சர் மாறுவாங்க, ஆயா மாறுவாங்க, அம்மாவுக்கே உடம்பு முடியாம போய் ஸ்டான்லி ஆஸ்பத்திரில ஒரு வாரம் படுத்துட்டா பக்கத்து வீட்டு அக்காதான் பாத்துக்கணும். அன்னிக்கு அவனப் பத்தி தெரிஞ்சதெல்லாம் அம்மா தலைக்குள்ள மட்டும் இருந்தா அவன் மறுபடி திடீருக்குள்ள போய் விழுவான். அதனால அவனே பேசற மாதிரி எழுதுங்க. "என் பின்னாடி இருந்து வராதீங்க. புறங்கைல தொடுங்க, பத்து எண்ணுங்க. வலது காதுல கொஞ்சம் கேக்கும். இட்லிய பச்சைத் தட்டுல வைங்க. உதட்ட சுழிச்சா பாத்ரூம் போகணும். இடது கையால தள்ளினா வேணாம்னு அர்த்தம். மாத்திரை காலைல எட்டு மணிக்கு, ராத்திரி எட்டு மணிக்கு. ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாய்ல எதையும் வைக்காதீங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா 108க்கு அடிங்க. எனக்கு வலை பின்ன பிடிக்கும்." பெரிய எழுத்துல எழுதி, லேமினேட் பண்ணி, ஸ்விட்ச் போர்டு பக்கத்துல ஆணில மாட்டுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து படிச்சு பாத்து திருத்துங்க, அவன் மாறிக்கிட்டே இருப்பான்.